திண்ணையில் ஒரு கச்சேரி

நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் நடக்கும் என்பார்கள். வரன் தேடி அலுத்துப்போன தாய்மார்கள், பெண்ணையோ பிள்ளையையோ அழைத்துக்கொண்டு பங்குனியில் திருமழபாடிக்கு வந்துவிடுகிறார்கள். அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் ஊர். திருவையாற்றிலிருந்து மாப்பிள்ளை நந்தி ஆற்றைக் கடந்து வந்து சுயசாம்பிகையைக் கைப்பிடிக்கும் வைபவம் அது. ஆனால் நான் சொல்ல வந்தது கல்யாணத்தைப் பற்றியல்ல. அன்றிரவு ஒரு வீட்டுத் திண்ணையில் கேட்ட கச்சேரியைப் பற்றி.

மேடையும் இல்லை, மிருதங்கமும் இல்லை. பேத்தியின் கைபேசிதான். அதில் 1965-ல் வெளிவந்த 'திருவிளையாடல்'. கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனிடம் ஔவை பாடுகிற கட்டம். எண்பதைத் தாண்டிய பாட்டியம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கதையை விடுங்கம்மா, அவங்க வாயைப் பாருங்க" என்றார்.

நீங்களும் ஒருமுறை அப்படிப் பாருங்கள். கே. பி. சுந்தராம்பாள் காமிராவுக்கு முன் நிற்பவராகவா தெரிகிறார்? கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் இருப்பவனுக்கும் எட்டவேண்டுமே என்று, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, தெளிவாக வீசுகிறார். பாட்டை முன்பே பதிவு செய்துகொண்டு படப்பிடிப்பில் வாயசைப்பதுதான் அக்கால வழக்கம். அது தெரிந்தும், இது வெறும் வாயசைப்பு என்று நம்ப மனம் வரவில்லை. ஒலிபெருக்கி இல்லாத நாடகமேடையில் விடிய விடியப் பாடிய தொண்டை அல்லவா!

1908-ல் கொடுமுடியில் பிறந்தவர். வயிற்றுப் பிழைப்புக்காக ரயிலில் பாடிய சிறுமி, நாடகத்துக்கு வந்தார். 1926-ல் இலங்கையில் எஸ். ஜி. கிட்டப்பாவோடு மேடையேறினார், அடுத்த ஆண்டே மணம். 'வள்ளி திருமண'த்தில் இவர் வள்ளி, அவர் வேலன். போட்டி போட்டுக்கொண்டு உச்ச ஸ்தாயியில் பாடுவார்களாம். பாட்டியின் தாயார் கட்டுச்சோற்றோடு வண்டி கட்டிப் போய்ப் பார்த்த நாடகம் அது. "எங்கம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் எங்கே பார்த்தேன்?"

பார்க்கத்தான் முடியாது. கிட்டப்பா 1933 டிசம்பரில், 27 வயதில் மறைந்துவிட்டார். தமிழில் பேசும் படம் வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. இசைத்தட்டில் குரல் இருக்கிறது, நடை உடை பாவனை போய்விட்டது. திருவாலம்பொழிலில் தங்கிய சுந்தரரிடம், மழபாடியை மறந்துவிட்டாயோ என்று இறைவன் கனவில் வந்து கேட்டதாகப் பெரிய புராணம் சொல்லும். பாட்டியும் ஏறக்குறைய அதே தொனியில் கேட்டார்: "கிட்டப்பாவை இப்போ யாருக்கும்மா தெரியும்?"

25 வயதில் வெள்ளைப் புடைவை கட்டிக்கொண்ட அந்த அம்மாள், 1935-ல் 'பக்த நந்தனா'ருக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். காதலி வேஷமல்ல, நந்தனார் வேஷமே அவருக்குத்தான்! பிறகு 1953-ல் ஜெமினியின் 'ஔவையார்'. டூரிங் டாக்கீஸ் மணலில் அம்மாவின் மடியில் உட்கார்ந்து பாட்டி பார்த்த படம். அம்மா படம் முழுக்க அழுதாராம். "ஔவைக்காக அழலை. பக்கத்துல அவர் இல்லையேன்னு அழுதாங்க."

சினிமா கொடுப்பதில் ஒரு கஞ்சத்தனமும் இருக்கிறது. மேடையில் ஒரே பாட்டை இன்று ஒருவிதம், நாளை ஒருவிதம் பாடியிருப்பார். படத்தில் எத்தனை தடவை போட்டாலும் அதே பிருகா, அதே மூச்சு. 1980-ல் அவர் மறைந்த பிறகு நமக்கு மிஞ்சியது இந்தக் கச்சேரிதான். குறை சொல்ல எனக்கு மனமில்லை.

"எங்க அம்மன் சுந்தராம்பிகை. அவங்க பேரும் அதுதான்" என்று கோயில் பக்கம் கைகூப்பினார் பாட்டி. பாட்டு முடிந்தது. பேத்தி கைபேசியை அணைக்கப் போனாள்.

"ஒன்ஸ் மோர்!" என்றார் பாட்டி. பேத்தி சிரித்துக்கொண்டே விரலால் பின்னுக்குத் தள்ளினாள்.