பெட்டியில் முதலில் வைக்க வேண்டிய தாள்

மகளின் பேறுகாலத்துக்காகவோ, மகனின் புதுமனை புகுவிழாவுக்காகவோ கடல் கடந்து செல்லும் பெற்றோர் இன்று ஏராளம். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே வீட்டில் ஆயத்தங்கள் தொடங்கிவிடுகின்றன. சாம்பார்ப் பொடி, பிரசவ லேகியம், பேரக்குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு என ஒவ்வொன்றும் எடை பார்த்துப் பெட்டியில் அடுக்கப்படுகிறது. மருத்துவக் காப்பீடு மட்டும் பெரும்பாலும் கடைசி வாரத்தில், குறைந்த பிரீமியம் எதுவோ அதைப் பார்த்து, அவசரமாக வாங்கப்படுகிறது. ஆறு மாதம் அயல்நாட்டில் தங்கவிருக்கும் அறுபத்தைந்து வயதுப் பயணிக்கு, பெட்டியில் உள்ள எல்லாவற்றையும்விட அந்த ஒரு தாளே முக்கியமானது.

"எங்களிடம் ஏற்கெனவே மருத்துவக் காப்பீடு இருக்கிறதே" என்று சிலர் எண்ணக்கூடும். உள்நாட்டுப் பாலிசிகளில் பெரும்பாலானவை இந்தியாவில் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே பொருந்துபவை. கடன் அட்டையோடு வழங்கப்படும் பயணக் காப்பீடும் பல நேரங்களில் விபத்துக்கும் பயணப்பெட்டி இழப்புக்கும் மட்டுமே உரியதாக இருக்கும். ஆகவே, கையில் இருப்பது எதற்குப் பயன்படும் என்பதை முதலில் படித்து அறிதல் நன்று.

நாட்டுக்கு நாடு விதி வேறு

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய காலப் பயணம் செல்ல விசா கோருவோர், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீட்டைக் காட்ட வேண்டும். கனடாவில் வாழும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் வழங்கப்படும் 'சூப்பர் விசா'வுக்குக் குறைந்தது ஓராண்டுக்குச் செல்லத்தக்க, 1,00,000 கனடிய டாலருக்கான காப்பீடு தேவை.

அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு இத்தகைய கட்டாயம் இல்லை. ஆனால் காப்பீட்டின் தேவை மிகுதியாக உணரப்படும் நாடும் அதுவே. அவசரநிலையில் வருபவரிடம் பணம் செலுத்தும் திறனைப் பாராமல் பரிசோதித்து, உடல்நிலையைச் சீராக்க வேண்டும் என்று மெடிகேர் திட்டத்தில் பங்கேற்கும் மருத்துவமனைகளுக்கு 1986ஆம் ஆண்டின் சட்டம் ஆணையிடுகிறது. அந்தச் சிகிச்சை இலவசம் என்று அச்சட்டம் சொல்லவில்லை. கட்டணச் சீட்டு பின்னால் வரும். இங்கிலாந்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் பெறும் உதவி அனைவருக்கும் இலவசம். எனினும், உள்நோயாளியாக அனுமதிக்கப்பட்டால் நம் நாட்டிலிருந்து செல்லும் சுற்றுலாப் பயணியிடம் வழக்கமான செலவு வீதத்தில் 150 விழுக்காடு வரை வசூலிக்கப்படலாம்.

ஒரு சூழலை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் சில நாள் மருத்துவமனையில் தங்கியதற்கு 40,000 டாலர் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டாலரை 85 ரூபாயாகக் கொண்டால் அது 34 இலட்சம் ரூபாய். பணி ஓய்வின்போது கிடைத்து வைப்புநிதியில் இட்ட சேமிப்பு முழுவதும் ஒரே வாரத்தில் கரைந்துபோகலாம். அல்லது அச்சுமை அங்கே வாழ்க்கையைத் தொடங்கியிருக்கும் பிள்ளையின் தோளில் விழலாம்.

மறைத்த ஒரு சொல்

காப்பீடு இருந்தும் பணம் கிடைக்காமல் போவதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று முன்மொழிவுப் படிவத்திலேயே இருக்கிறது. "நீரிழிவு உண்டா? இரத்த அழுத்தம் உண்டா? இதய சிகிச்சை பெற்றதுண்டா?" என்ற கேள்விகளுக்குப் பிரீமியம் கூடிவிடுமோ என்ற அச்சத்தில் "இல்லை" என்று குறிப்போர் உண்டு. சில வீடுகளில் பிள்ளைகளோ முகவரோ படிவத்தை நிரப்ப, பெற்றோர் அதைப் படித்துப் பார்ப்பதேயில்லை. அயல்நாட்டு மருத்துவமனையில் சேர்க்கப்படும்போது மருத்துவர் முதலில் கேட்பது, "என்னென்ன மாத்திரை உட்கொள்கிறீர்கள்?" என்பதுதான். அந்த விடை மருத்துவக் குறிப்பில் பதிவாகி, காப்பீட்டு நிறுவனத்தைச் சென்றடைகிறது. அன்று மறைத்த ஒரு சொல்லால் கோரிக்கை மறுக்கப்படலாம்.

உண்மையைச் சொன்னால் மட்டும் போதாது. பல பாலிசிகள் முன்பே உள்ள நோய்களை முற்றிலும் விலக்குகின்றன. சில, உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் ஒரு வரம்புக்குள் ஏற்கின்றன. எனவே, தங்களுக்குள்ள நோயை எந்த அளவுக்கு ஏற்கும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சற்றுக் கூடுதலான பிரீமியம் அதற்குரிய விலையே.

கையொப்பமிடுமுன்

காப்புத்தொகையின் அளவை மட்டும் பார்த்து நிறைவடைதல் கூடாது. மூத்தோருக்கான சில பாலிசிகளில் அறை வாடகைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் தனித்தனி உள்வரம்புகள் உண்டு. காப்புத்தொகை 1,00,000 டாலராக இருந்தும் அறுவைச் சிகிச்சைக்கான உள்வரம்பு 10,000 டாலர் எனில், 30,000 டாலர் செலவில் எஞ்சிய 20,000 டாலரை நாமே செலுத்த நேரும். ஒவ்வொரு கோரிக்கையிலும் முதலில் நாம் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு, மருத்துவமனைக்கு நிறுவனமே நேரடியாகப் பணம் செலுத்துமா, நோயாளியைத் தாயகம் கொண்டுவரும் செலவு அடங்குமா என்பவற்றையும் பாருங்கள். தங்கும் நாள்கள் முழுவதும் பாலிசி செல்லுபடியாக வேண்டும். தங்கலை நீட்டிக்க எண்ணினால், காலாவதியாகும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

அங்கே சென்றபின்

உடல்நலம் குன்றினால், இயன்றவரை மருத்துவமனையில் சேரும் முன்போ சேர்ந்தவுடனோ பாலிசியில் உள்ள 24 மணி நேர உதவி எண்ணை அழைத்துத் தெரிவிக்க வேண்டும். கட்டணச் சீட்டு, மருந்துச் சீட்டு, பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் மூலப் படிகளைப் பாதுகாத்து வையுங்கள். வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளின் வேதிப்பெயர்களோடு குடும்ப மருத்துவரிடம் ஒரு கடிதம் பெற்றுச் செல்வது பெரிதும் உதவும். நம் ஊர் வணிகப் பெயர்கள் பிற நாட்டு மருத்துவருக்குப் புரியாமல் போகலாம்.

கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டதாகக் கருதினால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரைக் கட்டணமின்றி அணுகலாம்.

பாலிசியின் ஒரு படியைக் கைப்பையிலும், மற்றொன்றைப் பிள்ளைகளிடமும் வைத்திடுங்கள். உதவி எண்ணைக் கைப்பேசியில் பதிவதோடு, ஒரு தாளிலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். பயணம் முடியும்வரை அத்தாளுக்கு வேலையே இல்லாமல் போகுமானால், அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. பேரக்குழந்தையின் முதல் சிரிப்பைக் கவலையின்றிக் கண்டு திரும்புவதற்கு அதுவே துணை.