பாப்பாவுக்கு வேண்டிய ஊசியை அம்மாவுக்கு ஏன் போடுறாங்க?



போன வருஷம் எங்க சித்திக்கு எட்டாம் மாசம் பிறந்ததுமே வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் 12 மணி நேரத்துக்கு ஒன்று என்று நாலு ஊசி போட்டார்கள். "பாப்பாவோட நுரையீரலுக்கும்மா" என்றார் நர்ஸ் அக்கா. பாட்டி விடவில்லை. "மூச்சு விடப்போறது புள்ள. ஊசி இவளுக்கு எதுக்கு?" எனக்கும் அதே சந்தேகம்தான். அறிவியல் டீச்சரிடம் கேட்டும் புத்தகத்தில் தேடியும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நம் நுரையீரலில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. அவற்றின் உள்சுவரில் இரண்டு வகை செல்கள். முதல் வகை மெல்லிசாகப் பரந்து கிடக்கும். ஆக்சிஜன் அது வழியாக இரத்தத்துக்குப் போகும். இரண்டாம் வகை குண்டாக இருக்கும், சுவரில் சுமார் 5 சதவீத இடம்தான் பிடிக்கும். ஆனால் விஷயமே இதில்தான் இருக்கு!

ஈரமான பாலிதீன் கவரைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு பிரியவே பிரியாது. நுண்ணறைக்குள்ளும் ஈரம் உண்டு. மூச்சை வெளியே விட்டதும் அது சுருங்கி மூடிக்கொள்ளப் பார்க்கும். காரணம், நாம் படித்த அதே பரப்பு இழுவிசை. இரண்டாம் வகை செல்கள் சோப்பு மாதிரி வேலை செய்யும் ஒரு பொருளைச் சுரந்து அந்த இழுவிசையைக் குறைக்கின்றன. அதன் பெயர் சர்ஃபாக்டன்ட். பெரும்பகுதி கொழுப்பு, கொஞ்சம் புரதம்.

அந்தப் புரதத்தைச் செய்யும் குறிப்பு மரபணுவில் இருக்கிறது. அதே மரபணு நம் தோல் செல்லிலும் கல்லீரல் செல்லிலும்கூட இருக்கு. ஆனால் 'சி' என்ற சர்ஃபாக்டன்ட் புரதத்தின் மரபணு இந்த இரண்டாம் வகை செல்லில் மட்டும்தான் திறந்து வேலை செய்கிறது. இதற்குத்தான் மரபணு வெளிப்பாடு என்று பெயர். கருவில் சர்ஃபாக்டன்ட் சுரப்பது ஆறாம் மாத வாக்கில் மெதுவாக ஆரம்பித்து, சுமார் 35 வாரத்தில்தான் போதிய அளவு வரும். அதற்குள் பிறந்துவிட்டால் மூச்சுத்திணறல் வரலாம்.

சர்ஃபாக்டன்ட் குறைவுதான் காரணம் என்று 1959-இல் அமெரிக்க டாக்டர் மேரி எலன் ஏவரி கண்டுபிடித்தார். ஆனாலும் 1963-இல் ஜனாதிபதி கென்னடியின் மகன் பேட்ரிக் இதே கோளாறால் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். ஜனாதிபதி வீட்டுப் பிள்ளைக்கே அன்று மருந்து இல்லை.

வழி கிடைத்தது ஆட்டுக்குட்டியிடம்! நியூசிலாந்தின் லிக்கின்ஸ், கருவிலிருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்து ஆராய்ந்தபோது, பிழைக்காது என்று நினைத்த குறைமாதக் குட்டிகள் மூச்சு விட்டன. 1972-இல் அவரும் ஹோவியும் தாய்மார்களுக்குப் போட்ட ஊசியின் பலனை வெளியிட்டார்கள். மருந்து தாயின் இரத்தத்திலிருந்து நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், நுரையீரல் செல்லின் உட்கருவை எட்டி, அந்த மரபணுக்களைச் சீக்கிரமே முடுக்கிவிடுகிறது. இதற்கு ஓரிரு நாள் பிடிக்கும். அதனால்தான் சித்திக்கு வலியைத் தள்ளிப்போடவும் மருந்து கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் தம்பி பிறந்தான். ஒன்றரைக் கிலோ. சன்னமாக அழுதானாம். இருபது நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். நான் பாட்டியிடம் மரபணு கதை முழுசும் சொன்னேன். "அதெல்லாம் சரிடி, நான் மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன்ல" என்கிறார்!

– 9-ஆம் வகுப்பு மாணவி