புகலிடச் சட்டத்தில் மலையகத் தமிழ் ஏதிலியரின் நிலை

கடலூர் மாவட்டத்தின் குறிஞ்சிப்பாடி, அம்பலவாணன்பேட்டை உள்ளிட்ட ஊர்களில் இருந்த 'அகதிகள் முகாம்'கள் 2021இல் 'மறுவாழ்வு முகாம்'கள் ஆயின. பெயரை மாநில அரசு மாற்றலாம். அங்கு வாழ்வோரின் சட்டநிலையை மாற்ற அதற்கு அதிகாரமில்லை. குடியுரிமை ஒன்றிய அரசுக்கு உரியது.

1951ஆம் ஆண்டின் ஏதிலியர் உடன்படிக்கை, புகலிடம் நாடுவோரிடம் முதன்மையாகக் கேட்பது அச்சத்தின் காரணத்தை. இனம், மதம், நாட்டினம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சார்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தனுள் ஒன்றால் துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சம் நியாயமானதாக இருத்தல் வேண்டும். சிறுபான்மையினருக்கு இவ்வரையறையே அரண். இந்தியா இதில் கையொப்பமிடவில்லை. எனவே இங்கு முன்னிற்கும் வினா வேறு: எந்த நாளில், எந்த ஆவணத்துடன் வந்தீர்?

இவ்வினா மலையகத் தமிழரை மிகுதியாகத் தாக்குகிறது. தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற இந்திய வம்சாவளியினரான இவர்களுள் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. (அம்மக்களின் விருப்பம் எந்த ஒப்பந்தத்திலும் முதன்மை பெறவில்லை.) 1983 வன்முறைக்குப்பின் படகேறி வந்தவர்களுள் இவர்களும் அடங்குவர். இந்திய வம்சாவளியினர் பதிவின்வழிக் குடியுரிமை பெற 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆயினும் 2003ஆம் ஆண்டுத் திருத்தம், உரிய ஆவணமின்றி நுழைந்தோரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என வரையறுத்து அவ்வழியை அடைத்தது. நாடற்றவரிடம் கடவுச்சீட்டை எதிர்பார்ப்பதே இதன் முரண்.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் ஆறு சமயத்தாருக்கு மட்டும் விலக்களித்தது, இலங்கை இடம்பெறவில்லை. அதே ஆண்டு ஜூனில், கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் வாழும் மலையக வம்சாவளியினர் தொடுத்த வழக்கில், அவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலித்து முடிவெடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பணித்தது. 2025ஆம் ஆண்டு விலக்காணை, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழரை ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து விடுவித்தது. இது தண்டனை விலக்கே, குடியுரிமை அன்று.

முகாமில் பிறந்தோர்க்கும் நாளே அளவுகோல். 1987 ஜூலை 1க்குமுன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பால் குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண்ணொருவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022இல் நீதிமன்றம் ஆணையிட்டது இதன் அடிப்படையிலேயே. அதே பெற்றோர்க்கு அதே முகாமில் 1988இல் பிறக்கும் குழந்தைக்கு அவ்வுரிமை இல்லை.