கேமரா சென்சாரில் தூசி: நீங்களே துடைக்கலாமா, சர்வீஸ் சென்டருக்குத்தான் போகணுமா?

ஜூன், ஜூலை வாக்கில் தேஹுவிலிருந்து கிளம்பும் துக்காராம் மகராஜ் பால்கி, நிக்டி பக்தி-சக்தி சௌக் வழியாகத்தான் ஆகுர்டி போகும். பிம்ப்ரி-சிஞ்ச்வட்டில் வேலை பார்க்கும் தமிழர்களில் கேமரா வைத்திருப்பவர்கள் பலர் அன்றைக்கு அங்கேதான் இருப்பார்கள். கூட்டத்துக்கு நடுவே வைட் லென்ஸைக் கழற்றி டெலி லென்ஸை மாட்டுவார்கள். அந்த வாரம் முழுக்க எல்லாம் நன்றாக இருக்கும். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை லோகாட் கோட்டைக்குப் போய் வானத்தை எடுக்கும்போதுதான் தெரியும்: ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில், அதே சாம்பல் நிறப் புள்ளி.

உடனே கூகுளில் தேடுவீர்கள். ஒரு வீடியோ 'ரெண்டு நிமிஷ வேலை' என்று சொல்லும். கேமராவோடு வந்த கையேட்டைத் திறந்தால், அது தொடவே தொடாதே என்று மிரட்டும். இரண்டுமே முழு உண்மை இல்லை. கல்யாணப் போட்டோ எடுத்து சைடில் சம்பாதிப்பவர் என்றால் இந்தக் கேள்விக்கான பதிலில் உங்கள் பணமும் பேரும் இருக்கிறது. கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

முதலில், அது தூசிதானா?

வியூஃபைண்டரில் கண்ணை வைத்துப் பார்க்கும்போது தெரியும் கறுப்புப் புள்ளிக்கும் சென்சாருக்கும் சம்பந்தம் இல்லை. டிஎஸ்எல்ஆரில் அது ஃபோக்கஸிங் ஸ்க்ரீனிலோ கண்ணாடியிலோ இருக்கும் தூசி. படத்தில் வராது. லென்ஸின் முன்பக்கக் கண்ணாடியில் ஒட்டிய தூசியும் பெரும்பாலும் படத்தில் புள்ளியாக விழாது.

சென்சார் தூசியைக் கண்டுபிடிக்க ஒரு எளிய டெஸ்ட் இருக்கிறது. ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப் 16 அல்லது எஃப் 22, மேனுவல் ஃபோக்கஸ். லேப்டாப்பில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, ஃபோக்கஸ் ஆகாதபடி கிட்டே வைத்து ஒரு படம் எடுங்கள். எடுக்கும்போது கேமராவை லேசாக ஆட்டுங்கள். திரையில் உள்ளது எல்லாம் கலங்கிவிடும், சென்சாரோடு ஒட்டியிருப்பது மட்டும் அசையாமல் நிற்கும். படத்தில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றிப் பாருங்கள். முதல் தடவை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் பகீரென்றுதான் இருக்கும்.

எஃப் 2.8-ல் தெரியாதது எஃப் 16-ல் ஏன் தெரிகிறது? தூசி உட்காருவது சென்சாரின் மேலேயே இல்லை. அதற்கு முன்னால் உள்ள ஃபில்டர் கண்ணாடியின் மேல். அபர்ச்சர் அகலமாகத் திறந்திருந்தால் வெளிச்சம் பல கோணங்களில் வந்து தூசியின் நிழலைக் கரைத்துவிடும். அபர்ச்சர் சின்னதானால் வெளிச்சம் குறுகிய கூம்பாக வரும், நிழல் அழுத்தமாக விழும். கணக்காகச் சொன்னால், 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 6 மைக்ரான். 30 மைக்ரான் அளவுள்ள துகள் ஒன்று ஐந்து பிக்சலை அடைத்துக்கொள்ளும். தலைமுடி விழுந்தால் பத்து பன்னிரண்டு பிக்சல் காலி. கல்யாண மண்டபத்தில் எஃப் 2.8-லேயே வாழ்பவருக்கு இது மாசக்கணக்கில் தெரியாமலே இருக்கலாம். லேண்ட்ஸ்கேப் எடுப்பவர், பிக்வானில் ஃபிளமிங்கோவை வெறும் வானத்தின் பின்னணியில் எடுப்பவர் இவர்களுக்குத்தான் தலைவலி.

இன்னொரு விஷயம். படத்தின் மேல் இடது மூலையில் புள்ளி இருந்தால், கேமராவை நேராகப் பிடித்து முன்பக்கத்திலிருந்து உள்ளே பார்க்கும்போது அது கீழ் இடது மூலையில் இருக்கும். மேல் கீழ் மட்டும்தான் மாறும், இடம் வலம் மாறாது. இது தெரியாமல் எதிர் மூலையைத் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

எல்லாக் கறையும் தூசி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கணேஷ் விசர்ஜன் ஊர்வலங்களில் டிஜே வண்டியிலிருந்து அடிக்கும் லேசர் நேராக லென்ஸுக்குள் போனால் சென்சாரையே பொசுக்கிவிடும். வண்ணக் கோடாகவோ புள்ளியாகவோ நிரந்தரமாக நிற்கும். எந்த அபர்ச்சரிலும் மாறாது. 2024 விழாவில் புனே காவல்துறை லேசருக்குத் தடை போட்டது மனிதர்களின் கண்ணைக் காக்கத்தான், ஆனால் கேமராவுக்கும் அதே ஆபத்து உண்டு. அப்படிப்பட்ட கோட்டை எந்தத் திரவத்தாலும் துடைக்க முடியாது.

ஊதினால் போகுமா?

முக்கால்வாசி நேரம் போகும். அதனால் எல்லோரும் செய்ய வேண்டிய வேலை இது ஒன்றுதான்.

முதலில் கேமராவின் மெனுவில் உள்ள சென்சார் க்ளீனிங். 2003-ல் ஒலிம்பஸ் இ-1 கேமரா, ஃபில்டரை அல்ட்ராசோனிக் வேகத்தில் அதிர வைத்துத் தூசியை உதறும் முறையைக் கொண்டுவந்தது. 2006-ல் கேனான் 400டி, அடுத்த வருடம் நிக்கான் டி300 என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். உலர்ந்த தூசிக்கு இது போதும்.

போகவில்லையா? ரப்பர் பல்ப் ப்ளோயர் ஒன்று வாங்குங்கள். பேட்டரி ஃபுல் சார்ஜ் இருக்கட்டும். டிஎஸ்எல்ஆர் என்றால் மெனுவில் கண்ணாடியைத் தூக்கி நிறுத்தும் க்ளீனிங் மோடுக்குப் போங்கள். நடுவில் சார்ஜ் தீர்ந்தால் ஷட்டரும் கண்ணாடியும் உங்கள் ப்ளோயர் மூக்கின் மேலேயே வந்து மோதும். கேமராவின் வாயைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்துப் பிடியுங்கள். ப்ளோயர் நுனி உள்ளே நுழையாமல் நாலைந்து தடவை அழுத்துங்கள். மறுபடி டெஸ்ட் போட்டோ.

வாயால் ஊதாதீங்க. எச்சில் துளி காய்ந்தால் அது வெறும் தூசியை விட மோசமான கறை. கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு அடிக்கும் காற்று கேனும் வேண்டாம். அதன் உள்ளே இருக்கும் திரவம் தெறித்து ஃபில்டரில் உறைந்துபோகும்.

வீட்டில் எங்கே செய்வது? நிக்டியில் ரோட்டுப் பக்க ஃபிளாட் என்றால், மெட்ரோ வேலையும் பழைய மும்பை ஹைவேயும் சேர்ந்து உங்கள் ஹாலுக்குள் என்ன அனுப்புகின்றன என்று ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். குளித்து முடித்த பாத்ரூம் நல்ல இடம். ஈரக்காற்றில் தூசி கீழே படிந்திருக்கும். நீராவி அடங்கி, சுவரில் துளி இல்லாமல் ஆன பிறகு போங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

அப்போ ஈரத் துடைப்பு?

இங்கேதான் உண்மையான முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. ப்ளோயருக்கு அசையாதது இரண்டு வகை. ஒட்டிக்கொண்ட துகள், அல்லது ஷட்டரிலிருந்து தெறித்த எண்ணெய்த் துளி. எண்ணெய்த் துளி வட்டமாக, சுற்றி வெளிறிய வளையத்தோடு தெரியும். அதன் மேல் பிரஷ்ஷை ஓட்டினால் அவ்வளவுதான், சென்சார் முழுக்கப் பூசிவிடுவீர்கள்.

ஈரத் துடைப்புக்கு உங்கள் சென்சார் அளவுக்கே வெட்டிய ஸ்வாப் கிடைக்கிறது. ஃபுல் ஃப்ரேமுக்கு 24 மில்லிமீட்டர் அகலம், ஏபிஎஸ்-சி என்றால் 16. அதன் நுனியில் சென்சாருக்கென்றே உள்ள திரவம் ஒன்றிரண்டு துளி, சில நொடி ஊற விடுவது, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நிறுத்தாமல் ஒரே இழுப்பு, ஸ்வாப்பைத் திருப்பி எதிர்த்திசையில் இன்னொரு இழுப்பு. பிறகு அந்த ஸ்வாப்பைக் குப்பையில் போட வேண்டும். செலவைப் பார்த்து இரண்டாவது தடவை பயன்படுத்தும்போதுதான் கீறல் விழுகிறது: முதல் தடவை எடுத்த மணல் துகள் அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். திரவம் அதிகமானால் ஓரத்தில் இறங்கும், கோடு விடும்.

காது குடையும் பஞ்சு, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி, மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட் மூன்றும் கூடவே கூடாது. பஞ்சு நூல் விடும், ஸ்பிரிட்டில் கலந்திருக்கும் மற்ற சமாச்சாரங்கள் காய்ந்து படலமாக நிற்கும்.

புனேக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஜேஜுரி கண்டோபா கோயிலில் மஞ்சள் தூவலைப் படம் பிடிக்காத போட்டோகிராஃபர் இங்கே குறைவு. அந்த பண்டாரா மாவு போல நுண்ணியது. லென்ஸ் மவுன்ட்டின் விளிம்பு, ஜூம் வளையம், பட்டன் இடுக்கு எல்லா இடத்திலும் உட்காரும். அதன் மஞ்சள் நிறம் ஆல்கஹாலில் கரையும் தன்மை உடையது. ஊதி எடுக்காமல் நேராக ஈர ஸ்வாப்பைப் போட்டால் ஒரு துகள் ஒரு இழுவலாக மாறும். அதனால் ஊர் திரும்பியதும் முதலில் வெளிப்பக்கத்தைத் துடையுங்கள், பிறகு மவுன்ட்டை, கடைசியில்தான் உள்ளே. அதைவிட நல்லது, அங்கே போகும்போது ஒரே லென்ஸை மாட்டி அதைக் கழற்றாமலே இருப்பது. இரண்டு லென்ஸ் வேண்டுமென்றால் நண்பரின் பாடியை இரவல் வாங்குங்கள், பரவாயில்லை.

யார் வீட்டிலேயே செய்யலாம்?

வாரன்ட்டி முடிந்த கேமரா, மாதம் இரண்டு மூன்று முறை வெளியில் ஷூட், கை நடுங்காது, படித்துப் பார்த்துப் பொறுமையாகச் செய்வீர்கள் என்றால் செய்யலாம். பழைய பாடி ஒன்று வைத்திருந்தால் முதல் ஸ்வாப்பை அதில் போட்டுப் பழகுங்கள். வருடத்துக்கு ஐந்தாறு முறை சுத்தம் தேவைப்படும் ஒருவர் ஒவ்வொரு தடவையும் நிக்டியிலிருந்து இருபது கிலோமீட்டர் தாண்டி புனே நகருக்குள் போய், கொடுத்துவிட்டு, இன்னொரு நாள் போய் வாங்கி வருவது நடக்கிற காரியம் இல்லை.

வாரன்ட்டியில் இருக்கும் கேமராவை மட்டும் ப்ளோயருக்கு மேல் தொடாதீங்க. நிக்கான், கேனான் கையேடுகள் இரண்டுமே ஊதுவது வரைதான் உங்கள் வேலை, அதற்குமேல் எங்கள் சர்வீஸ் ஆட்கள் என்று எழுதியிருக்கின்றன. நீங்கள் போட்ட கீறலுக்கு வாரன்ட்டி வராது. ஃபில்டரில் ஆழமான கீறல் என்றால் பெரும்பாலும் சென்சார் அசெம்ப்ளியையே மாற்றச் சொல்வார்கள். நாலைந்து வருடப் பழைய பாடிக்கு அந்தச் செலவைப் பார்த்தால் வேறு செகண்ட் ஹேண்ட் கேமராவே வாங்கிவிடலாம் என்று தோன்றும். இலவசமாகப் பார்த்த வீடியோவின் விலை அதுவாகிவிடும்.

சென்சாரையே அசைத்து நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷன் உள்ள மிரர்லெஸ் கேமராக்களில் இன்னொரு சிக்கல். சில மாடல்களில் பவர் ஆஃப் ஆனால் சென்சார் மிதந்துகொண்டிருக்கும், அழுத்தினால் நகரும். கையேட்டில் சொன்ன க்ளீனிங் முறையை வரிக்கு வரி பின்பற்ற முடியாது என்றால் சர்வீஸ்தான். வாடகைக் கேமரா என்றால் யோசிக்கவே வேண்டாம், வாடகைக்குக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

நாளைக்கு முகூர்த்தம் என்றால் இன்று ராத்திரி துடைக்கவே துடைக்காதீங்க. எஃப் 4-க்கு மேல் போகாமல் எடுத்துவிட்டு, மிச்சப் புள்ளியை லைட்ரூமில் ஒரு படத்தில் அழித்து மற்றவற்றுக்கு காப்பி செய்துகொள்ளலாம்.

துடைத்தும் திரும்ப வந்தால்?

2012-ல் வந்த நிக்கான் டி600-ன் கதை இங்கே உதவும். வாங்கிய சில வாரங்களில் படத்தின் மேல் இடது பக்கம் புள்ளிகள். துடைத்தார்கள், மறுபடி வந்தது. 2013 பிப்ரவரியில் நிறுவனம் சர்வீஸ் சென்டருக்கு எடுத்து வரச் சொன்னது. அதே வருடம் அக்டோபரில் டி610 என்று புதிய மாடலை இறக்கியது. 2014 பிப்ரவரியில்தான், வாரன்ட்டி முடிந்திருந்தாலும் இலவசமாகச் சுத்தம் செய்து ஷட்டரையும் மாற்றித் தருவோம் என்று அறிவித்தது. அடுத்த மாதம் ஷாங்காய் அதிகாரிகள் அந்த மாடலின் விற்பனையையே நிறுத்தச் சொன்னார்கள்.

அந்த ஒன்றரை வருடத்தில் 'நான்தான் சரியாகத் துடைக்கவில்லை போல' என்று நினைத்தவர்கள் எத்தனை பேரோ. சில நூறு படங்களுக்குள் அதே மூலையில் புள்ளிகள் திரும்பினால், பிரச்சினை உங்கள் கையில் இல்லை, ஷட்டரில். தேதியோடு டெஸ்ட் படங்களைச் சேர்த்து வையுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட சென்டரா என்று அந்த நிறுவனத்தின் இந்திய இணையதளத்திலேயே பாருங்கள், போர்டை நம்பாதீங்க. போனில் மூன்று கேள்வி: வெறும் ஊதலா, ஈரச் சுத்தமா? ரேட்டில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா? எத்தனை நாள்? லென்ஸ், மெமரி கார்டு, ஸ்ட்ராப் எல்லாம் கழற்றிவிட்டு பாடியை மட்டும் கொடுங்கள். சீரியல் நம்பரும் ஏற்கெனவே உள்ள கீறல்களும் ஜாப் ஷீட்டில் ஏறட்டும்.

வாங்கும்போது கவுன்டரிலேயே எஃப் 16-ல் ஒரு வெள்ளைப் படம் எடுத்து அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள். சங்கடப்பட வேண்டியதில்லை, நல்ல டெக்னீஷியன் அவராகவே எடுத்துக் காட்டுவார்.

சுத்தம் செய்யக் கொடுத்தது கீறலோடு வந்தால் அது சேவைக் குறைபாடு. முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போக வேண்டுமென்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். சென்டர் மும்பையில் இருந்தாலும் நிக்டிவாசிக்கு புனே மாவட்ட ஆணையம் போதும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. காலக்கெடு 2 ஆண்டுகள். அங்கே உங்களிடம் கேட்கப்போவது ஜாப் ஷீட்டும், கொடுப்பதற்கு முன்னால் வீட்டில் எடுத்த அந்த வெள்ளைப் படமும்தான்.