பழைய சைக்கிள் பிரியர்களும் அவர்கள் காக்கும் மரியாதைகளும்

நம் சங்கத்து அன்பர் ஒருவர் பொங்கல் விழாவில் என்னை ஓரமாக அழைத்துப் போய் ஒரு சந்தேகம் கேட்டார். "சார், என் மகன் எங்கிருந்தோ ஒரு பழைய மவுண்டன் சைக்கிளை வாங்கி வந்து பால்கனியில் நிறுத்தியிருக்கிறான். அவனைவிட வண்டிக்கு வயது அதிகம். பெயிண்ட் உதிர்ந்து கிடக்கிறது. புதிதாக வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறான். 'இதற்கு என்னப்பா விலை கொடுத்தாய்?' என்று அவன் நண்பர்கள் முன்னால் கேட்டேன். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் கேட்டதில் என்ன தப்பு?"

தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் பழைய சைக்கிள் பிரியர்களிடையே எழுதி வைக்காத சில மரியாதைகள் உண்டு. அவற்றில் ஒன்றை அவர் தெரியாமல் மீறிவிட்டார். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து, ரயில்வேயில் பெட்டிகளைப் பராமரிக்கும் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது ஞாயிறு காலைகளில் கப்பன் பூங்காவில் கூடும் பழைய சைக்கிள்காரர்களில் நானும் ஒருவன். அறுபத்தாறு வயதில் இந்த மரியாதைகளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். ஒன்றை மட்டும் கொஞ்சம் தாமதமாகக் கற்றேன். அதையும் சொல்கிறேன்.

மவுண்டன் சைக்கிள் வந்த கதை

முதலில் இந்த வண்டியின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். மவுண்டன் சைக்கிளின் பிறப்பிடம் அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த மாரின் வட்டாரம். 1970களில் அங்கிருந்த சில இளைஞர்கள், 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட ஷ்வின் கம்பெனியின் தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலையில் தீயணைப்பு வண்டிகளுக்காகப் போட்டிருந்த மண் பாதைகளில் ஓட்டி இறங்கினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று ஒரு பந்தயமே வைத்தார்கள். சுமார் இரண்டு மைல் தூரத்தில் 1300 அடி இறக்கம்.

அந்தப் பந்தயத்தின் பெயர் 'ரீபேக்'. ரயில்வேக்காரனான எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடிக்கும். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் பிரேக், பின் சக்கர ஹப்புக்குள்ளேயே இருக்கும். அந்த இறக்கத்தில் ஒரு முறை இறங்கினால் ஹப் சூடேறி உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடியும் பிரித்துக் கிரீஸ் அடைக்க வேண்டும். அடைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே பந்தயத்தின் பெயர் ஆயிற்று. எங்கள் வேலையில் இதையே 'ஹாட் ஆக்சில்' என்போம். ரயில் நிலையத்தில் வண்டி நின்றவுடன் ஓர் ஊழியர் அச்சுப்பெட்டியின் மேல் கைவைத்துப் பார்த்துக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இந்த வேலைக்கென்றே புதிதாகச் சட்டம் செய்யத் தொடங்கினார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 'மவுண்டன்பைக்ஸ்' என்ற பெயரில் கடை தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் 'ஸ்டம்ப்ஜம்பர்' தொழிற்சாலையில் மொத்தமாகத் தயாராகி விற்பனைக்கு வந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இந்த சைக்கிளுக்கும் ஒரு பந்தயம் வைத்தார்கள். நம் நாட்டுக் கம்பெனிகளும் 1990களில் தடித்த டயரும் நேரான ஹேண்டில்பாரும் வைத்து 'எம்.டி.பி.' என்று சைக்கிள் விட்டன. பெங்களூரில் அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்காக அப்பாவிடம் அடம் பிடித்தது பலருக்கு நினைவிருக்கும்.

ஆக, உலகத்தின் முதல் மவுண்டன் சைக்கிள்களே மற்றவர்கள் ஒதுக்கி வைத்த பழைய சைக்கிள்கள்தாம். இன்று பெங்களூர் இளைஞர்கள் சிவாஜிநகர் குஜரியிலும் அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்திலும் 1990களின் இரும்புச் சட்ட வண்டிகளைத் தேடுவது, அந்த மாரின் இளைஞர்கள் செய்த அதே காரியம். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் இவர்கள். மீதிப் பேர் என்னைப்போல் ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ் என்று கம்பி பிரேக் வைத்த பெரிய சைக்கிள்களைக் காப்பவர்கள். தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்த பேச்சு. வண்டிகள் வேறு வேறாக இருந்தாலும் மரியாதைகள் ஒன்றே.

விலை பேசும் முறை

நிற்கிற வண்டியைப் பார்த்தவுடன் "என்ன விலை?" என்று கேட்கக்கூடாது. அது ஒருவர் மனைவியின் கழுத்தைப் பார்த்து எத்தனை பவுன் என்று கேட்பது மாதிரி. "எங்கே கிடைத்தது?", "என்னென்ன மாற்றினீர்கள்?" என்று கேட்டால் ஒரு மணி நேரம் மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார்கள். விற்பதாக அவரே சொன்ன பிறகுதான் விலைப் பேச்சு. ஒருவர் ஒரு வண்டிக்குப் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் நடுவில் புகுந்து கூடுதல் விலை சொல்வதும் கூடாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. விற்பவருக்கு விஷயம் தெரியாது, வாங்குபவருக்குத் தெரியும் என்றால் என்ன செய்வது? எங்கள் கூட்டத்து இளைஞர் ஒருவருக்கு, கணவரை இழந்த ஒரு வயதான அம்மாள் வீட்டில் அருமையான ஜப்பானிய மவுண்டன் சைக்கிள் ஒன்று கிடைத்தது. பழைய இரும்புக்காரன் எழுநூறு ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறான், நீ ஆயிரம் கொடு என்றார் அந்த அம்மாள். பையன், "பாட்டி, இது பல ஆயிரம் பெறும்" என்று உண்மையைச் சொல்லி, தன்னால் முடிந்த நியாயமான தொகையைக் கொடுத்து வாங்கி வந்தான். "கிடைத்த அதிர்ஷ்டத்தை விட்டுவிட்டாயே" என்று கேலி செய்தவர்களும் எங்களில் உண்டு. ஆனால் அடுத்த மாதம் அதே அம்மாள் தன் தங்கை வீட்டில் கிடந்த இன்னொரு சைக்கிளுக்கும் அவனையே கூப்பிட்டு அனுப்பினார்.

முழு வண்டியைப் பிரிக்காதே

ஒரு பழைய வண்டியின் கியர், பிரேக், ஹேண்டில்பார் ஆகியவற்றைத் தனித்தனியாக விற்றால் முழு வண்டியைவிட அதிகப் பணம் வரும். இருந்தாலும் முழுதாக இருக்கும் வண்டியைப் பிரித்து விற்பவரை யாரும் மதிப்பதில்லை. முப்பது ஆண்டுகள் சேர்ந்தே இருந்த பாகங்கள் ஒருமுறை சிதறினால் மீண்டும் சேராது. சட்டம் முறிந்த வண்டியென்றால் பிரித்துக்கொள்ளலாம். அதையும் முதலில் கூட்டத்தில் தேவைப்படுபவருக்குச் சொல்ல வேண்டும்.

எது அசல், எது பிறகு மாற்றியது என்று கண்டுபிடிக்க வழிகள் உண்டு. ஷிமானோ கம்பெனியின் பழைய பாகங்களின் பின்புறத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் குத்தியிருக்கும். முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். 'ஏ' என்றால் 1976, 'பி' என்றால் 1977, அப்படியே போகும். பெரிய சைக்கிள்களின் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பிலும் ஆண்டு குத்தியிருக்கும். ரயில் சக்கரத்திலும் அச்சிலும் எண்ணும் தேதியும் குத்தியிருப்பதைப் படித்தே பழகிய எனக்கு இது தெரிந்த பாஷைதான்.

அளவு தெரியாமல் முறுக்காதே

மூன்றாவது மரியாதை மனிதருக்கு அல்ல, இரும்புக்கு. பெடல் அச்சு உட்காரும் குழலில் இங்கிலீஷ் சைக்கிள்களுக்குப் பொதுவாக ஓர் அங்குலத்துக்கு 24 மரை. பழைய ராலே வண்டிகளில் மட்டும் 26 மரை. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. கடைப்பையன் 24 மரை கப்பை வைத்து நீளமான ஸ்பேனரால் பலமாக முறுக்கினால் ஏறுகிற மாதிரி ஏறும். சட்டத்தின் மரை அத்தோடு நாசம்.

டயரும் அப்படித்தான். '26 அங்குலம்' என்று கேட்டு வாங்கி ஏமாறுவார்கள். மவுண்டன் சைக்கிளின் 26 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 559 மில்லிமீட்டர். 26 x 1⅜ டயருக்கு அது 590. பெரிய சைக்கிளின் 28 x 1½ டயருக்கு 635. ஆகவே டயரின் பக்கவாட்டில் இருக்கும் மில்லிமீட்டர் அளவைப் படித்து வாங்க வேண்டும். மவுண்டன் சைக்கிளில் அலுமினிய சீட் கம்பி இரும்புச் சட்டத்துக்குள் பல ஆண்டுகள் அசையாமல் இருந்தால் இரண்டு உலோகமும் அரித்து ஒட்டிக்கொள்ளும். அதைச் சுத்தியலால் அடிக்காமல், எண்ணெய் விட்டு நாள்கணக்கில் காத்திருப்பதே முறை. தெரியாவிட்டால் கேட்க வேண்டும். கேட்பவரை "இது கூடத் தெரியாதா?" என்று சிரிக்காமல் இருப்பதும் எங்கள் மரியாதைகளில் ஒன்று.

பெயிண்டில் கைவைக்காதே

இனி நான் தாமதமாகக் கற்றதைச் சொல்கிறேன். என் தந்தையார் ஜோலார்பேட்டை லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவர். அவருடைய பச்சை ராலே சைக்கிளில்தான் நான் குரங்குப் பெடல் போட்டு ஓட்டக் கற்றேன். மட்கார்டில் மெல்லிய பொன்னிறக் கோடு. செயின் கவரில் அவர் பெயரின் முதலெழுத்துகளும் ஊர்ப் பெயரும் மஞ்சள் எழுத்தில் இருக்கும். ரயில் பெட்டிகளுக்கு எண் எழுதும் பெயிண்டர் ஒருவர், அப்பாவின் சிநேகிதர், ஒரு தீபாவளிக்கு எழுதித் தந்தது.

நான் ஓய்வு பெற்ற கையோடு அந்த வண்டியை ஊரிலிருந்து கொண்டு வந்து, ஒரு பட்டறையில் கொடுத்து, துருவையும் பெயிண்டையும் சுத்தமாக நீக்கி, பளபளவென்று புதுப் பச்சை அடிக்கச் சொன்னேன். பட்டறைக்காரர் சொன்னபடி செய்தார். அவர் மேல் குற்றமில்லை. கூட்டத்துக்குப் பெருமையாக ஓட்டிப் போனேன். அங்கிருந்த ஒரு கன்னடப் பெரியவர் வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. செயின் கவரைத் தொட்டு, "இங்கே ஏதாவது எழுதியிருந்ததா சார்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. கம்பெனி கோடு போனதற்கு நான் வருந்தவில்லை. அப்பாவின் பெயரை நானே காசு கொடுத்துச் சுரண்டச் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பெரியவர் தோளில் கைவைத்து, "போகட்டும், ஓட்டுங்கள். ஓட்டுவதற்குத்தானே அவர் வாங்கினார்" என்றார். அதே எழுத்துகளை மீண்டும் எழுதித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். எழுதிய கையும் இல்லை, எழுதச் சொன்னவரும் இல்லை.

கண்ணாடிக்குள்ளா, சாலையிலா?

எல்லா விஷயத்திலும் எங்களுக்குள் ஒற்றுமை உண்டு என்று நினைக்க வேண்டாம். அசல் டயர் வெடித்துப் போயிருந்தாலும் மாற்றாமல் அப்படியே காக்க வேண்டும் என்பார் சிலர். ஓடாத வண்டி வண்டியே அல்ல, நந்தி மலை ஏற வேண்டும் என்பார் சிலர். ரயில்வேயிலும் இதே வழக்கு உண்டு. 1855இல் இங்கிலாந்தில் கட்டிய இ.ஐ.ஆர். 21 என்ற நீராவி இஞ்சினைப் பெரம்பூரில் சீர்செய்து 2010இல் மீண்டும் ஓட வைத்தார்கள். ஓட வேண்டுமென்றால் சில பாகங்கள் புதிதாகத்தான் இருக்க வேண்டும். என் அபிப்பிராயம் இது: தேயும் பொருளான டயர், பிரேக் கட்டை, செயின், பால்ரஸ் இவற்றைத் தயங்காமல் மாற்றலாம். தேயாத பொருளான சட்டம், பெயிண்ட், முத்திரை, எழுத்து இவற்றைத் தொடக்கூடாது. மாற்றிய அசல் பாகத்தையும் எறியாமல் ஒரு பெட்டியில் வைத்தால் அடுத்து வருபவருக்கு உதவும்.

ஊருக்குப் போகும்போது

நம்மில் பலருக்கு வேலூரிலோ சேலத்திலோ தஞ்சாவூரிலோ ஒரு பழைய வீடு இருக்கிறது. அங்கே கொல்லைப்புறத்தில் தாத்தாவின் சைக்கிள் சாய்ந்து கிடக்கலாம். நகரசபை கொடுத்த லைசென்ஸ் வில்லை கூட இன்னும் அதில் தொங்கலாம். வீட்டை விற்கும் அவசரத்தில் அதை இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன் சற்று நில்லுங்கள். ஈரத்துணியால் மெதுவாகத் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம். எழுத்து இருந்தால் அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். துரு பிடித்த இடத்தில் லேசாக எண்ணெய் தடவுங்கள். யாருடைய வண்டி, எந்த ஆண்டு, எதற்காக வாங்கினார் என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி வண்டியோடு வையுங்கள். பெயிண்ட் அடிக்கும் யோசனை வந்தால் ஓராண்டு தள்ளிப் போடுங்கள்.

என்னிடம் சந்தேகம் கேட்ட அன்பருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மகன் அடுத்த ஞாயிறு அந்த வண்டியைப் பிரித்து உட்காரும்போது, விலை கேட்காமல் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்காருங்கள். நீங்கள் சிறுவயதில் ஓட்டிய வாடகை சைக்கிளைப் பற்றிச் சொல்லுங்கள். ஸ்பேனரை எடுத்துக் கொடுங்கள். மற்றதெல்லாம் அவனே சொல்வான்.