அறையை வாடகைக்கு விடுகிறீர்களா? பூட்டை மாற்றும் முன் இதைப் படியுங்கள்

பிள்ளைகள் வேலைக்காகக் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டால் வீட்டில் ஓர் அறை காலியாகிவிடுகிறது. மாதம் 400 வெள்ளி வந்தால் வீட்டுச் செலவுக்கு ஆகும் என்று அதை வாடகைக்கு விடுவோர் நம்மிடையே பலர். தெரிந்தவர் அழைத்து வந்த ஆள் என்பதால் எழுத்தில் ஒன்றும் இருக்காது. மூன்று மாதம் வாடகை வராமல் போகும்போதுதான் சிக்கல் தொடங்கும்.

அந்தக் கோபத்தில் சிலர் பூட்டை மாற்றுகிறார்கள், மின்சாரத்தை நிறுத்துகிறார்கள், துணிமணியை வெளியே வைக்கிறார்கள். "என் வீட்டில் எனக்கு உரிமை இல்லையா?" என்று கேட்கிறார்கள். உரிமை உண்டு. ஆனால், வாடகைக் காலம் முடிந்தும் ஒருவர் வெளியேறாவிட்டால், நீதிமன்றம் வழியாகத்தான் இடத்தை மீட்க வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2)ஆம் பிரிவு. பூட்டை மாற்றினால், வாடகை பாக்கி வைத்தவரே உங்கள் மீது வழக்குப் போடக்கூடும்.

வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்தால், அறையில் இருப்பவரின் உரிமை சற்று மாறுபடலாம். அப்போதும் தேதி குறிப்பிட்டு, எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுப்பதே பாதுகாப்பு.

பாக்கியை வசூலிக்கவும் வழி இருக்கிறது. 1951ஆம் ஆண்டு டிஸ்ட்ரெஸ் சட்டத்தின் கீழ், 12 மாதம் வரையிலான வாடகை பாக்கிக்கு, வாடகைதாரரின் பொருள்களைப் பறிமுதல் செய்ய நீதிமன்ற ஆணை கேட்கலாம். நீங்களாகவே அவருடைய பொருள்களை எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது.

மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை. அதனால் இரு தரப்புக்கும் முக்கியப் பாதுகாப்பு ஒப்பந்தம்தான். இரண்டு பக்கம் போதும். அதில் இவை இருக்கட்டும்:

• மாத வாடகை, கட்ட வேண்டிய தேதி

• முன்பணம் எவ்வளவு, எப்போது திருப்பித் தரப்படும், எதற்காகப் பிடிக்கப்படும்

• தண்ணீர், மின்சாரம், இணையச் செலவில் யாருடைய பங்கு எவ்வளவு

• சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம், விருந்தினர் பற்றிய விதிகள்

• காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு

கையெழுத்திட்ட 30 நாளுக்குள் ஒப்பந்தத்துக்கு உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரை வரி கட்ட வேண்டும். மாதம் 400 வெள்ளி, ஓராண்டு ஒப்பந்தம் என்றால் வரி 20 வெள்ளிதான். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட வேண்டி வந்தால், முதலில் வரியோடு அபராதமும் கட்ட வேண்டியிருக்கும்.

வாடகைக்கு இருப்போருக்கும் ஒரு வார்த்தை. முன்பணம் இத்தனை மாதம் என்பது வழக்கம்தான். அதைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை. பணத்தை வங்கி வழியாகக் கட்டுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். குடிபுகும் நாளிலேயே சுவர், மெத்தை, மின்விசிறி எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். முன்பணம் திரும்பி வராவிட்டால், 5,000 வெள்ளி வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலே நீங்களே மனுச் செய்யலாம்.

வீட்டுக்காரர்கள் மேலும் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டவருக்கு அறை தருவதானால் கடப்பிதழையும் பெர்மிட்டையும் நேரில் பாருங்கள். முறையான ஆவணம் இல்லாதவரைத் தங்கவைத்தால் குடிநுழைவுச் சட்டப்படி ஓர் ஆளுக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். மாநகராட்சியிடம் வாடகைக்கு எடுத்த பிபிஆர் வீட்டை உள்வாடகைக்கு விட்டால் அந்த வீடே பறிபோகலாம். வாடகை வருமானத்தை வருமான வரிப் பாரத்திலும் காட்ட வேண்டும்.

தெரிந்த பையனிடம் கையெழுத்துக் கேட்கக் கூச்சமாக இருக்கலாம். ஆனால், பின்னால் காவல் நிலையத்தில் எதிரெதிரே நிற்பதைவிட அந்தக் கூச்சம் மேல்.