பியானோவின் பன்னிரண்டு கட்டைகள்

வாய்ப்பாட்டும் வயலினும் பயில்வோர் சுரத்தானத்தைக் காதால் தேடிப் பிடித்தல் வேண்டும். பியானோ பயில்வோருக்கு அவ்வருத்தம் இல்லை. கட்டையை அழுத்தினால் சுத்தியல் தந்தியைத் தட்டுகிறது. சுரம் ஆயத்தமாக வந்து நிற்கிறது. மொத்தம் 88 கட்டைகள். ஒரு ஸ்தாயிக்கு வெள்ளை ஏழும் கறுப்பு ஐந்துமாகப் பன்னிரண்டு. சுருதி சேர்ப்பதற்கும் தனியே ஒரு வல்லுநர் வந்து முளைகளைத் திருகிவிட்டுப் போகிறார். அவர் செய்வதைக் கேட்டால் திகைப்பீர்கள்: ஒவ்வொரு பஞ்சமத்தையும் அறிந்தே சிறிது குறைத்து வைக்கிறார். கணக்கு அவரை அவ்வாறு கட்டாயப்படுத்துகிறது.

ஷட்ஜத்தின் அதிர்வெண் இரண்டு பங்கானால் பஞ்சமம் மூன்று பங்கு. மேல் ஷட்ஜம் நான்கு பங்கு. ஒரு கட்டையிலிருந்து அதன் பஞ்சமம், அதற்கொரு பஞ்சமம் என்று பன்னிரண்டு முறை ஏறினால், பன்னிரண்டு சுரங்களையும் தொட்டு, ஏழு ஸ்தாயிக்கு மேலே புறப்பட்ட சுரத்தையே அடைய வேண்டும். அடைவதில்லை. ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்குங்கள்; ஏறக்குறைய 129.75 வரும். இரண்டை ஏழு முறை பெருக்கினாலோ 128. இந்த எச்சம் அரைச்சுர இடைவெளியில் கால் பங்குக்குச் சற்றே குறைவு. எத்தனை முறை ஏறினாலும் கணக்கு ஒட்டாது. மூன்றின் அடுக்கு என்றும் ஒற்றை எண். இரண்டின் அடுக்கு என்றும் இரட்டை எண்.

எச்சத்தை எங்கே ஒளிப்பது என்று ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் பாடுபட்டனர். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பரவலாக வழங்கிய ஒரு முறையில், காந்தாரங்கள் தூயனவாக அமையும்பொருட்டுப் பதினொரு பஞ்சமங்களைக் குறைத்தனர். எஞ்சிய ஒன்று அளவுகடந்து விரிந்து அலறியது. அதற்கு ஓநாய் என்றே பெயர்! இசைஞர் அப்பக்கம் போவதைத் தவிர்த்தனர். 1722இல் பாஹ், ஆதார சுருதியை எங்கு வைத்தாலும் இனிக்கக்கூடிய கருவிக்கென 24 நிலைகளிலும் இசையமைத்துத் தொகுத்தார். அவர் கருதியது இன்றைய சமபகுப்பு முறையே என்று பலர் எழுதுவர். அதற்குச் சான்று போதாது.

சமபகுப்பாவது, எச்சத்தைப் பன்னிரண்டு கூறாக்கி எல்லாப் பஞ்சமங்களுக்கும் பங்கிடுதல். சீன இளவரசர் சூ சாய்யூ 1584இலேயே இக்கணக்கைப் போட்டுவிட்டார். அடுத்த கட்டைக்குச் செல்லுந்தோறும் அதிர்வெண்ணை 1.05946 ஆல் பெருக்க வேண்டும். 440 அதிர்வுடைய கட்டைக்குத் தூய பஞ்சமம் 660, பியானோவில் 659.26. வல்லுநர் இரண்டையும் ஒலிக்கச் செய்து, இரண்டு விநாடிக்கு மூன்று விம்மல் எழுமாறு முளையைத் திருகுகிறார். இது சிறு குறை. அந்தர காந்தாரமோ 550 ஆக இருக்க வேண்டியது 554.37 ஆகிவிடுகிறது.

நம் நாட்டில் இப்பிசகு ஆர்மோனியத்தோடு வழக்காயிற்று. சுரம் பிசகுகிறது, கமகம் இழையாது என்று குறை கூறப்பட்டு, 1940இல் அகில இந்திய வானொலி அக்கருவியை விலக்கியது. 1971இல்தான் தடை தளர்ந்தது. கமகக் குறை மெய்யே. சுரப்பிசகு மட்டுமே குற்றமானால், பியானோவும் அதே கூண்டில் ஏற வேண்டியதுதான். ஆயினும் ஒரே உருப்படிக்குள் ஆதாரத்தைப் பலமுறை மாற்றும் ஐரோப்பிய இசைக்கு அது கொடுக்கத்தக்க விலை. ஆதார சுருதியை விட்டு நகராத நம் இசைக்கு அதனால் ஊதியம் சிறிதே.

பியானோ கிடைத்தால் ஒரு கட்டையையும் அதன் அந்தர காந்தாரத்தையும் சேர்த்து அழுத்தி, ஒலி அடங்கும்வரை கேளுங்கள். பின்னர், நன்கு சேர்ந்த தம்பூராவின் மந்தரத் தந்தியில் தானே எழும் காந்தாரத்தைக் கேளுங்கள். முன்னது துடிக்கும், பின்னது அசையாது.